லண்டன் சோதிடமும் ஆறாம் நம்பர் லயமும்

பழைய துரை சீமைக்குக் கப்பலேறப் போகிறார் என்றதும், அவருடைய பங்களாச் சுவர்க்கடிகாரம் என் கணவருக்குத்தான் கிடைக்கும் என்று தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். முதலில் பேசியவர் என் கணவர். பதினேழு வருஷம் அந்தத் துரையிடம் பெரிய கிளாக்கராக இருந்தவருக்கு அப்படி நினைக்க உரிமை இருந்தது. முன்னறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். அதற்குக் கீழே யாரும் சாய்ந்து உட்காரக் கூடாது என்று எனக்கு உத்தரவும் போட்டார்.

கடிகாரம் மடுல்சீமைப் பக்கத்துத் துரை ஒருவருக்குப் போயிற்று. எங்களுக்கு வந்தது ஒரு தேயிலைப் பெட்டி. இரண்டு ஆட்கள் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்து இறக்கினார்கள். மூடியைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே புத்தகங்கள்.

என் கணவர் ஆணியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடியில ஏதாச்சும் இருக்கான்னு பாரு."

அடியிலும் புத்தகம்தான்.

இலங்கையில் நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். பதுளைக்கு வண்டிப் பாதையில் அரை நாள். பதுளையில் மிஷன் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் எட்டு வருஷம் படித்தவள். அங்கே இருந்த வெள்ளைக்கார மிஸ் எனக்கு இங்கிலீஷையும் கணக்கையும் அடித்துச் சொல்லிக்கொடுத்தாள். என் கணவருக்கும் இங்கிலீஷ் தெரியும். கொழுந்து, உரம், சாக்கு, காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டு என்ற நான்கு விஷயங்களுக்குள் அவர் இங்கிலீஷில் குறை சொல்ல முடியாது. அதைத் தாண்டித் துரைக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த ரகசியம்.

ஆகவே புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தது நான்தான்.

"என்ன பொஸ்தகம்?"

"சோசியம்."

"வெள்ளைக்காரன் சோசியமா?" அவர் நம்பவில்லை. "அவங்களுக்கு எதுக்குச் சோசியம்? அதான் எல்லாம் கிடைச்சிருச்சே!"

எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. அல்லது ஒரே பெயரில் எழுதியவை. அந்த மனிதர் தன் சொந்தப் பெயரைப் போடாமல், வேதாகமத்தில் வரும் தேவதூதன் ஒருவனின் பெயரை வைத்துக்கொண்டிருந்தார். பெட்டியில் இருந்த மிகப் பழைய புத்தகத்துக்கும் புதிய புத்தகத்துக்கும் ஒரு மனிதனின் ஆயுள் அளவுக்கு இடைவெளி இருந்தது. முன்னுரைகளைப் படித்தபிறகுதான் விளங்கியது: முதல் ஆள் இறந்ததும் இன்னொருவர் அதே பெயரை எடுத்துக்கொண்டார், அவருக்குப் பின் மற்றொருவர். தேவதூதர்களுக்குச் சாவில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஒருவகையில் சரிதான்.

சாதகம் கணிப்பதற்கு ஒரு தடித்த புத்தகம். கனவுகளுக்குப் பலன் சொல்ல ஒன்று. கேள்வி கேட்டுப் புள்ளி வைத்தால் பதில் தருகிற ஒன்று. மற்றவை வருஷத்துக்கொன்றாக வெளிவந்த பஞ்சாங்கங்கள். ஓரங்களில் பழைய துரையின் சிவப்புப் பென்சில் குறிப்புகள் இருந்தன. 'இன்று கடிதம் எழுதாதே.' 'குதிரை வாங்க நல்ல நாள்.' 'சந்திரன் சரியில்லை, யாரையும் சந்திக்காதே.' இராகு காலம் பார்த்து மலைக்குப் போகத் தயங்கிய ஆட்களைக் காட்டுமிராண்டிகள் என்று பெரட்டுக்களத்தில் வைத்துத் திட்டிய அதே துரை. பல நாள் அவர் தலைவலி என்று பங்களாவை விட்டு வெளியே வராமல் இருந்ததன் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெட்டி எங்கள் வீட்டு மூலையிலேயே கிடந்திருக்கும். ஆனால் புதுத் துரை வரப்போகிறார் என்ற செய்தி வந்ததும், பெரிய கங்காணி மெதுவாக எங்கள் வாசலுக்கு வந்தார். பயந்த மனிதர் அல்ல அவர். முந்நூறு ஆட்களைத் திருச்சிச் சீமையிலிருந்து கூட்டிவந்தவர். ஆனாலும் புதுத் துரை என்றால் எந்தக் கங்காணிக்கும் தன் இடம் நிச்சயமில்லை.

"ஐயா, லண்டன் சோசியப் பொஸ்தகம் வந்திருக்காமே. புதுத் துரை எப்படின்னு அதுல போட்டிருக்குமா?"

என் கணவர் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தார். உதடு அசையாமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "கண்ணாடியை உள்ளார வச்சிட்டேன்," என்று சொல்லி அடுப்படிக்குள் வந்தார். அவரிடம் கண்ணாடி கிடையாது.

"சீக்கிரம் படி."

படித்தேன். இலையுதிர் காலத்தில் அதிகாரத்துக்கு ஒருவர் வருவார், சிவந்த முகம், முன்கோபம், குதிரைப் பிரியம், கீழே உள்ளவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்று இருந்தது. இது இங்கிலாந்தின் மந்திரி சபையைப் பற்றிச் சொன்னது, அதுவும் ஆறு வருஷத்துக்கு முந்தியது என்றேன்.

"சீமையில நடந்தது இங்க வந்து சேர நாள் ஆகாதா? பிஸ்கட் வரலையா?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கங்காணியிடம் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வது கேட்டது.

புதுத் துரை வந்தார். முகம் சிவப்பு. முதல் நாளே சத்தம் போட்டார். குதிரையில்தான் வந்தார். அந்த மூன்றும் இல்லாத துரையை நமுனுகுலவிலிருந்து அப்புத்தளை வரைக்கும் நான் கண்டதில்லை என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காணாமற்போன மாட்டுக்கு, பிள்ளைக்குப் பேர் வைக்க, ஊரிலிருந்து கடிதம் வராததற்கு. ஒவ்வொரு கேள்விக்கும் என் கணவர் கண்ணாடி தேடி உள்ளே வருவார். அவர் கண்ணாடி போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. பார்வைக்குத் தெரியாத கண்ணாடி என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. மார்கழியில் ஒரு பஞ்சாங்கம் 'ஸ்னோ' என்றது. தமிழில் அதற்குப் பனி என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியாது. பனி என்று சொன்னேன். அவர் போய்ப் பனி என்று சொன்னார். மறுநாள் விடியற்காலையில் மலை முழுக்கப் பனி. மார்கழியில் எங்கள் மலையில் வருஷா வருஷம் விழுகிற பனிதான். ஆனால் லண்டனிலிருந்து சொல்லி விழுந்தது அந்த வருஷம்தான் முதல்முறை.

நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அடுப்படியில் ஒரு கையில் அகப்பை, ஒரு கையில் தேவதூதர். நான் முணுமுணுத்த ஒரு சொல்லுக்கு வெளியே பத்துப் பேர் தலையாட்டுவார்கள். எட்டு வருஷப் படிப்புக்கு அதுவரை நான் கண்ட பலன் அது ஒன்றுதான்.

அடுத்த வருஷம்தான், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில், ஆறாம் நம்பருக்குப் போனேன். ஒரு கொழுந்துக்காரிக்குக் குழந்தை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவந்து தருகிறவள் என்பதால் பார்க்கப் போனேன். ஐப்பசி மழை. லயத்து வரிசையில் அவளுடைய காம்பரா, அந்த ஒற்றை அறை, நடுவில். கூரையின் பழைய பலகைகள் உளுத்து, உள்ளே நாலு இடத்தில் ஒழுகியது. அடுப்பை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றியிருந்தார்கள். குழந்தையைக் கொழுந்துக் கூடைக்குள் படுக்கவைத்து, கூடையின் மேல் ஒரு குடையை விரித்துக் கட்டியிருந்தாள்.

"நனையலைம்மா. குடை நல்ல குடை," என்றாள் அவள். நான் வருத்தப்படுகிறேன் என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். அவள் நனைந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கூரையைப் பற்றிப் பழைய துரைக்கு மூன்று மனு போயிருந்தது. பெரிய கங்காணி சொல்ல, என் கணவர் எழுத, நான் திருத்தியவை. மூன்றுக்கும் ஒரே பதில்: அடுத்த வருஷ எஸ்டிமேட்டில் பார்க்கலாம். அன்று வீட்டுக்கு வந்து நாலாவது மனுவை நானே எழுதினேன். என் கணவர் கையெழுத்துப் போட்டுப் புதுத் துரையிடம் கொடுத்தார். மறுநாளே பதில் வந்தது. அடுத்த வருஷ எஸ்டிமேட்.

பிறகுதான் மரத்தின் கதை.

ஒவ்வொரு பஞ்சாங்கத்தின் நடுவிலும் மடித்து வைத்த ஒரு வண்ணப்படம் இருக்கும். அந்த வருஷம் நடக்கப்போவதெல்லாம் அதில் உண்டு. எது எது என்று மட்டும் சொல்லியிருக்காது. ஒரு படத்தில் சாய்கிற கப்பல், கவிழ்ந்த கிரீடம், வேரோடு விழுகிற ஒரு பெரிய மரம், அதன் அடியில் சிவப்புச் சாயத்தில் ஓர் ஆள். அதைப் பெரிய கங்காணி பார்த்துவிட்டார்.

"இது நம்ம மேல்மலை மரமாட்டம் இருக்குங்களே, ஐயா."

மேல்மலையில் கொழுந்துக்கு நடுவே கிழட்டு மரம் ஒன்று தனியாக நின்றது. என் கணவர் கண்ணாடி தேடி உள்ளே வந்தார். அது இங்கிலாந்தில் இருக்கிற ஒரு சாதி மரம், அவர்களுடைய அரசாங்கத்தைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"மரம் மரந்தானே," என்றார். "என்னைக்குன்னு போட்டிருக்கு?"

"நாள் ஒண்ணும் போடலை."

நாள் இல்லாமல் வெளியே போவது அவருக்குக் கௌரவக் குறைவாக இருந்திருக்க வேண்டும். "வர்ற செவ்வாக்கிழமை," என்று கங்காணியிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். மேல்மலைக்கு மட்டும் போகமாட்டோம் என்றார்கள். துரைக்குக் காரணம் விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் அவருடைய தமிழில் கத்தினார்.

"என்ன மரம்? எங்கே விழும்? நான் போய் நிக்கும்! நீ எல்லாம் பார்!"

சொன்னபடியே போய் நின்றார். தூறலில், தொப்பியோடு, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு, மரத்தடியில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றார். தோட்டமே எதிர்ச் சரிவில் நின்று அவரைப் பார்த்தது. மேல்மலையிலும் கொழுந்து எடுக்கவில்லை, வேறெங்கும் எடுக்கவில்லை. மத்தியானமானதும் துரை தொப்பியைக் கழற்றி எங்கள் பக்கம் ஆட்டினார். மரத்தை ஒருமுறை கையால் தட்டினார். பிறகு இறங்கி வந்தார். பாதிச் சரிவில், மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கானில் பூட்ஸ் வழுக்கி, காலை மடித்துக்கொண்டு விழுந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனார்கள்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகலை," என்றார் பெரிய கங்காணி என் கணவரிடம் மிகுந்த பக்தியோடு. "அடியில ஆளுக்குச் சிவப்புச் சாயம் அடிச்சிருந்தாங்களே, அப்பவே நினைச்சேன் ஐயா."

அன்று மாலை பங்களாவிலிருந்து ஆள் வந்தான். அந்தப் புத்தகங்களை உடனே அனுப்ப வேண்டுமாம். பெட்டியோடு அனுப்பினோம். என் கணவர் வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டு, பதுளையில் எந்தக் கடையில் கணக்கெழுதப் போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார். பத்து நாள் ஒரு செய்தியும் இல்லை. பதினோராம் நாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார் துரை.

அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து, அதுவும் துண்டு துண்டாக. துரை காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, மடியில் தடித்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தாராம். பத்து நாளும் வேறு வேலையில்லாமல் அதையே படித்திருக்கிறார். கோபம் ஒன்றும் இல்லையாம். நீ கெட்டிக்காரனாமே, என் சாதகத்தைக் கணித்துச் சொல் என்றாராம். "யெஸ் சார்." சந்திரன் எந்த வீட்டை நோக்கிப் போகிறது என்று பார்த்தாயா? "யெஸ் சார்." எந்த வீடு? "யெஸ் சார்." துரை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். என் கணவருக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணாடி வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வாசலில் நின்றபடியே, "கிளம்பு," என்றார்.

"எங்க?"

"பங்களாவுக்கு. துரைக்குக் கண்ணாடி வேணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.

என்னைப் பார்த்ததும் துரைக்கு நிலைமை விளங்க அதிக நேரம் ஆகவில்லை. என்னிடம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசினார், நான் பதில் சொன்னேன், அவர் என் கணவரைப் பார்த்தார், என் கணவர் தரையைப் பார்த்தார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார் துரை. என் கணவருக்குப் போடச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஆனால் உட்கார்ந்தேன்.

துரைக்குச் சீமையில் நிச்சயம் செய்த பெண் ஒருத்தி இருந்தாள். மூன்று வருஷமாகக் கடிதம். கடிதங்கள் வர வர நீளம் குறைந்து, கடைசியில் வந்தது அரைப் பக்கமாம். அவள் வருவாளா என்று தெரிய வேண்டும். பெரட்டுக்களத்தில் அத்தனை சத்தம் போடுகிற மனிதர் இதைச் சொல்லும்போது குரல் கீழே இறங்கிப் போயிற்று. பிறந்த நாளும் நேரமும் சொன்னார். பிறந்த ஊர் லண்டன். தேவதூதரின் அட்டவணைகளெல்லாம் லண்டன் வானத்துக்குப் போட்டவை. எங்கள் மலையில் அந்தப் புத்தகத்துக்குச் சரியான ஆள் கிடைத்தது அன்றுதான்.

இரண்டு நாள் பகலில் உட்கார்ந்து ஒழுங்காகக் கணித்தேன். கணக்கில் நான் பிசகவில்லை. ஏழாவது வீடு கலியாணத்துக்கு உரியது. அவருக்கு அதில் குறையில்லை. ஆறாவது வீடு வேலைக்காரர்களுக்கும் நோய்க்கும் உரியது என்று புத்தகத்தில் இருந்தது. அந்த வீட்டில் சனி இருந்தது. அதை நான் கொண்டுபோய் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் பங்களா வராந்தாவில் அதை அப்படியே சொன்னேன்.

"சனி இருந்தால்?" என்றார் துரை.

"தாமதம் செய்யும், சார்."

"என்ன செய்யலாம்?"

இங்கிலீஷ் சோதிடத்தில் பரிகாரம் கிடையாது. சனி பிடித்தால் பிடித்ததுதான், இருந்து அனுபவிக்க வேண்டும். எங்கள் சோதிடர்கள் ஒருவனையும் அப்படிக் கைவிடமாட்டார்கள். எனக்கு அந்த நேரம் கூடைமேல் கட்டியிருந்த குடை நினைவுக்கு வந்தது. வாய் தானாகப் பேசியது என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் பேசினேன்.

"ஆறாவது வீடு கெட்டுக் கிடக்கிறது, சார். அதைச் சரிசெய்யாமல் ஏழாவது வீட்டுக்கு ஆள் வராது."

"எப்படிச் சரிசெய்வது?"

"கூரைதான் மோசம். தகரம் போட்டால் நல்லது. மழை இன்னும் வலுக்கும் முன்னால்."

துரை என்னையே பார்த்தார். வராந்தாவிலிருந்து கீழே லயங்கள் தெரியும். அவர் விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஆறு?"

"ஆறு, சார்."

அவருக்கு விளங்கியதா, விளங்கவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த வாரத்திலேயே பதுளையிலிருந்து மாட்டு வண்டிகளில் தகரம் வந்து இறங்கியது. எஸ்டிமேட் என்ற சொல்லை அந்த வாரம் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

கொழுந்துக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அந்த லண்டன் சாமி பேரு என்னம்மா? ஒரு வெளக்கு ஏத்தலாம்னு."

"அது சாமி இல்லை. பொஸ்தகம் எழுதுற ஆளு."

"போங்கம்மா. கூரை போட்டுக் குடுத்தது சாமி இல்லாம, பின்ன தொரையா?"

பெயரைச் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்து வந்தவர் பெரிய கங்காணி. இந்த முறை அவர் என் கணவரைத் தேடவில்லை. நேராக அடுப்படிப் பக்கம் வந்து நின்றார். "அஞ்சாவது வீட்டுக்கு ஒண்ணும் சொல்லலைங்களாம்மா?" ஐந்தாம் நம்பர் லயத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஐந்தாவது வீடு பிள்ளைகளுக்கு உரியது என்று துரைக்கு எழுதி அனுப்பினேன். கலியாணமே ஆகாத மனிதர் பிள்ளைகளுக்காகக் கூரை போட்டார். ஏழாம் நம்பர் லயத்துக்கு நான் ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கூரையோடு வெள்ளையும் அடித்தார்கள். எட்டாம் நம்பர் லயத்து ஆட்கள்தான் பாவம். எட்டாவது வீடு மரணத்துடையது என்று துரையே படித்து வைத்திருந்தார். அந்தப் பேச்சை எடுத்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தை பிறந்து சில நாளில், அவள் கப்பலேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் வந்தாள். பதுளைத் தேவாலயத்தில் கலியாணம். தோட்டத்தில் எல்லோருக்கும் சர்க்கரைத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தார்கள். என் கணவர் அன்று புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, "நான்தான் என் வீட்டுக்காரிக்குச் சோசியம் சொல்லிக்குடுத்தது," என்று பெரிய கங்காணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பங்களாவில் நின்றுகொண்டிருந்த நாளிலிருந்து அவர் என்னோடு அளவாகத்தான் பேசினார். அந்த ஒரு பொய் அவருக்கு மருந்தாக இருந்தது. நான் குறுக்கே பேசவில்லை.

ஒரு மாதத்துக்குள் துரைசானி என் வீட்டுக்கு வந்தாள். உயரமான, ஒல்லியான பெண். கையில் தடித்த புத்தகம். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறாவது வீட்டைப் பற்றி இதில் படித்தேன். வேலைக்காரர், நோய், சின்ன மிருகங்கள் எல்லாம் இருக்கின்றன. தகரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

அடுப்பில் சோறு கொதித்து வழிந்தது. எழுந்துபோய் இறக்கத் தோன்றவில்லை.

"இல்லை, அம்மா. தகரம் நான் போட்டது."

அவள் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. லயத்தைக் காட்டு என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். ஆறாம் நம்பரில் கொழுந்துக்காரியின் குழந்தை இஸ்தோப்பில், வாசல் திண்டில், காய்ந்த சாக்கின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பரைத் தாண்டினோம். எட்டாம் நம்பரில் ஒரு கிழவர் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துவிட்டு, வாளிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தார்.

"இது மட்டும் ஏன் இப்படி?"

"எட்டாவது வீடு மரணத்துடையது, அம்மா. துரை அந்தப் பக்கம் வரமாட்டார்."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அந்தக் கிழவரின் கூரையை நிமிர்ந்து பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகத்தைப் புரட்டி என் பக்கம் நீட்டினாள். எட்டாவது வீடு மரணத்துக்கு மட்டும் உரியதல்ல, உயிலில் வரும் சொத்துக்கும் உரியது என்று அடுத்த வரியிலேயே இருந்தது. துரை பயத்தில் அந்த வரிவரைக்கும் போகவில்லை.

"அவருக்கு ஒரு பணக்கார மாமா இருக்கிறார்," என்றாள் துரைசானி.

எட்டாம் நம்பருக்கு மாசி முடிவதற்குள் தகரம் வந்தது.

திரும்பி நடக்கும்போது, கடிதங்களை ஏன் அவ்வளவு சின்னதாக எழுதினீர்கள் என்று துணிந்து கேட்டேன். "எனக்குக் கடிதம் எழுதப் பிடிக்காது," என்றாள். சனி, சந்திரன் எதுவும் அதில் சம்பந்தப்படவில்லை. பிறகு, கொஞ்சம் தயங்கி, "காலையிலேயே விஸ்கி குடிப்பதைப் பற்றி உன் தேவதூதர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டாள்.

"தேடிப் பார்க்கலாம், அம்மா."

தேடினோம். சந்திரன் நீர் ராசியில் இருந்தது போதுமானதாக இருந்தது. மத்தியானத்துக்கு முன் குடித்தால் ஈரலுக்குக் கேடு என்று துரைக்குச் சொல்லப்பட்டது. துரை ஒத்துக்கொண்டார். மத்தியானம் என்றால் எந்த ஊர் மத்தியானம் என்ற கேள்வி பிறகு வந்தது. அட்டவணை லண்டனுக்குப் போட்டது, ஆகவே லண்டன் மத்தியானம்தான் என்று துரைசானி தீர்ப்புச் சொன்னாள். லண்டனில் மத்தியானம் ஆகும்போது எங்கள் மலையில் கொழுந்தை எடைபோட்டு, ஆட்கள் லயத்துக்குத் திரும்பியிருப்பார்கள். துரை அந்தச் சட்டத்துக்கு ஏறத்தாழ ஆறு வாரம் கட்டுப்பட்டார். அதற்குமேல் எந்தக் கிரகமும் அவரைத் தடுக்கவில்லை.

அவர்கள் ஐந்து வருஷம் இருந்தார்கள். ஜெர்மனியோடு பெரிய சண்டை தொடங்கியதும் துரை சீமைக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்புமுன் துரைசானி மறுபடி என் வீட்டுக்கு வந்தபோது கறுப்பு உடுத்தியிருந்தாள். புத்தகப் பெட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் என் கையை மட்டும் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் வேலையை விட்டபிறகு பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். கடைக்காரர்கள் சிலர் அவரிடம் இன்னமும் நாள் கேட்டு வந்தார்கள். புத்தகம் இல்லாமலே சொன்னார், கண்ணாடி தேடி உள்ளேயும் வரவில்லை. அதற்குள் அவருக்கு உண்மையான கண்ணாடியே வந்துவிட்டிருந்தது. ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஏங்க, அந்தத் தகரம், கூரை எல்லாம் பொஸ்தகத்துல இல்லை. நானாச் சொன்னது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"எத்தனை லயத்துக்குக் கூரை போட்டாங்க?"

"நாலு."

"தொரைக்குக் கலியாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்புறம் என்ன நீயாச் சொன்னது? பொஸ்தகத்துல இருக்கிறதைத்தான் சொல்லியிருக்கே. உனக்குத்தான் படிக்கத் தெரியலை," என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.